இலைக்கு வரும் வழி

நுழையும்முன்

உணவகத்தில் இலை விரித்து அமர்ந்தவருக்குத் தெரிபவை சுவையும் விலையும் மட்டுமே. அந்த இலையும் அதில் விழும் இட்லியும் எத்தனை ஊர்களைக் கடந்து, எத்தனை கைகள் மாறி, எத்தனை கணக்குகளுக்கு உட்பட்டு அங்கு வந்து சேர்கின்றன என்பது சமையலறைக்குப் பின்னால் நிகழும் கதை. ஒரே கடை பல கிளைகளாகப் பெருகும்போது அக்கதை சிக்கலடைகிறது. மணப்பாறை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு அச்சிக்கலை ஆராய்கிறது இப்பாடம்.

பயணம் தாங்கும் பண்டம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர் மணப்பாறை. மாட்டுச்சந்தையால் உழவரிடையே பெயர்பெற்ற இவ்வூரை மற்றவரிடமும் கொண்டு சேர்த்தது முறுக்கு. தொடர்வண்டி நிலையத்தில் பயணிகளுக்கு விற்கப்பட்டுப் புகழடைந்த அப்பண்டம், இன்று ஊரிலுள்ள பல குடும்பங்களின் வீட்டுத்தொழில். அரிசி மாவுடன் எள்ளும் ஓமமும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து, பிழிந்து, முதலில் அரைவேக்காடாகப் பொரித்தெடுத்து ஆறவைத்து, மீண்டும் ஒருமுறை எண்ணெயிலிட்டு எடுப்பது மணப்பாறை முறை. இந்தச் சுவைக்கு ஊரின் நிலத்தடி நீரில் இயல்பாகவே உள்ள உவர்ப்புத்தான் காரணம் என்பர் அவ்வூரார். 2023ஆம் ஆண்டு மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வணிகக் கண்கொண்டு பார்ப்பவருக்கு இதில் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, முறுக்கு பயணம் தாங்கும் பண்டம் என்பது. இருமுறை பொரிப்பதால் ஈரம் வற்றிவிடுகிறது. குளிர்பெட்டி வேண்டாம், சில நாள்கள் வழியிலேயே கழிந்தாலும் மொறுமொறுப்புக் குன்றுவதில்லை. வழிப்பயண ஊர் ஒன்றில் இத்தகைய பண்டம் செழித்ததில் வியப்பில்லை. இரண்டாவது, முறுக்குப் போகும் இடங்களுக்கெல்லாம் மணப்பாறைத் தண்ணீர் போவதில்லை என்பது. பண்டம் ஊர்விட்டு ஊர் செல்லும். அதன் சுவைக்குக் காரணமானது ஊரிலேயே தங்கிவிடும்.

எது பயணம் செய்யும், எது செய்யாது என்ற இந்த வினாவைத்தான் பல கிளைகள் கொண்ட உணவகம் ஒவ்வொன்றும் நாள்தோறும் எதிர்கொள்கிறது. முறுக்குக்கு நேர்மாறானது இட்லி. ஆவி பறக்கும்போது உண்ண வேண்டியது. அரைமணி நேரம் ஆறினால் வேறு பண்டமாகிவிடும். முறுக்கைச் செய்து அனுப்பலாம். இட்லியை மாவாகத்தான் அனுப்ப முடியும். அந்த மாவும் வழியில் சும்மா இருப்பதில்லை, புளித்துக்கொண்டே இருக்கும்.

மூன்று ஓட்டங்கள்

விளைநிலத்தில் தொடங்கி உண்பவரின் இலைவரை ஒரு பொருள் கடந்துவரும் நிலைகள் அனைத்தையும் சேர்த்து விநியோகச் சங்கிலி என்பர். திருச்சிராப்பள்ளியில் ஒரு தட்டு இட்லிக்கும் சாம்பாருக்கும் பின்னே நீளும் சங்கிலியைப் பின்தொடர்ந்தால் நிலவியல் பாடமே கற்றுவிடலாம். அரிசிக்கு அருகிலேயே மண்ணச்சநல்லூர் ஆலைகள் உள்ளன. சின்ன வெங்காயம் பெரம்பலூர்ப் பக்கமிருந்து வருகிறது. காய்கறி காந்தி சந்தையில் கிடைக்கும். அங்கு வந்து இறங்கும் சுமைகளில் ஒட்டன்சத்திரத்துச் சரக்கும் உண்டு. வாழையிலை காவிரிக் கரையோரத் தோட்டங்களிலிருந்து வரும். துவரைக்கு வடகருநாடகத்தையும் மராட்டியத்தையும் எதிர்பார்க்க வேண்டும். நாட்டின் உளுந்துத் தேவையில் ஒரு பங்கு மியான்மரிலிருந்து இறக்குமதியாகிறது.

இச்சங்கிலியில் ஓடுபவை மூன்று. பொருள் வயலிலிருந்து இலை நோக்கி ஓடுகிறது. பணம் இலையிலிருந்து வயல் நோக்கி ஓடுகிறது. மூன்றாவதாகச் செய்தியும் ஓடுகிறது: இன்று எத்தனை பேர் உண்டனர், எது மீந்தது, எது பற்றவில்லை என்னும் செய்தி. முதல் இரண்டையும் கண்ணால் காணலாம். எனவே முதலாளிகள் அவற்றைக் கவனிப்பர். மூன்றாவதைக் கவனியாமல் விட்டுத்தான் பல உணவகங்கள் இழப்பைச் சந்திக்கின்றன.

செய்தி திரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு கிளையில் உண்மையாகத் தேவைப்படுவது 400 இட்லி என்று கொள்வோம். பற்றாமற் போனால் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவாரே என அஞ்சும் கிளை மேலாளர் பத்து விழுக்காடு கூட்டி 440 என்று எழுதி அனுப்புகிறார். அதே அச்சத்தால் மையச் சமையற்கூடத்து மேலாளர் இன்னொரு பத்து விழுக்காடு கூட்டுகிறார், 484 ஆகிறது. கொள்முதல் செய்பவரும் தம் பங்குக்குக் கூட்டினால் 532 இட்லிக்குரிய அரிசியும் உளுந்தும் வாங்கப்படும். ஒவ்வொருவரும் பொறுப்போடுதான் நடந்துகொண்டனர். ஆயினும் 400 என்ற உண்மை 532 என்ற பொய்யாகிவிட்டது. சாட்டையின் கைப்பிடியைச் சிறிது அசைத்தால் நுனி வெகுதூரம் வீசுவதைப் போன்றது என்பதால் இதனைச் சாட்டையடி விளைவு என்கின்றனர். தொழிற்சாலைகளில் இவ்வாறு ஏற்ற இறக்கம் பெருகுவதை அமெரிக்க அறிஞர் ஜே ஃபாரஸ்டர் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். இதற்கு மருந்து எளியது: கிளையில் உண்மையாக விற்ற எண்ணிக்கை சங்கிலியிலுள்ள எல்லாருக்கும் நேரே தெரிய வேண்டும்.

ஐந்து கிளைகளின் கணக்கு

ஓர் உணவகத்துக்கு ஐந்து கிளைகள் உள்ளதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குச் சராசரியாக 400 இட்லி விற்கிறது. ஆனால் ஒருநாள் 300, மற்றொருநாள் 500 என ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு கிளையும் தனித்தனியே மாவரைத்தால், தட்டுப்பாடு வாராதிருக்க 500 இட்லிக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஐந்து கிளைகளுக்கும் 2,500. விற்பதோ சராசரியாக 2,000. நாள்தோறும் 500 இட்லிக்குரிய மாவு மிஞ்சும்.

மாவு ஓரிடத்தில் அரைக்கப்பட்டு, ஒரு பகுதி மையத்திலேயே குளிர்நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டால் நிலைமை மாறும். ஐந்து கிளைகளிலும் ஒரே நாளில் கூட்டம் மிகுவது அரிது. ஓரிடத்தில் மிகுந்தால் மற்றோரிடத்தில் குறைந்திருக்கும். எனவே மொத்தத்தில் 2,250 இட்லிக்குரிய மாவு போதுமானதாகிறது. மிச்சமாவது 250 இட்லிக்குரிய மாவு. இட்லிக்கு மூலப்பொருட்செலவு 2 ரூபாய் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய். ஆண்டுக்கு 1,82,500 ரூபாய். விலையை ஒரு காசுகூட உயர்த்தாமல், ஒருவர் கூலியையும் குறைக்காமல் கிடைக்கும் இலாபம் இது. இதே 250 இட்லி மாவுக்குரிய நெல்லை விளைவித்த நீரும், அரைத்த மின்சாரமும்கூட மிச்சமாகின்றன. இலாபமும் வளங்குன்றாமையும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இக்கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் கூட்டம் மிகாது என்பதே அது. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி வரும்போது அந்நம்பிக்கை பொய்த்துவிடும். பகல்பத்தும் இராப்பத்துமாக நிகழும் விழாவில், சொர்க்கவாசல் திறக்கும் நாளன்று தீவு முழுவதும் மக்கள் வெள்ளம். திருச்சிராப்பள்ளிப் பேருந்து நிலையங்களிலும் அதே வெள்ளந்தான். கிளைகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க இயலாத நாள் அது.

அன்று எவ்வளவு மாவு அரைப்பது? கூட்டம் இருமடங்கு என்றால் மாவும் இருமடங்கு என்று கணினி சொல்லும். அரங்கத்து மரபு அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். ஏகாதசியன்று நோன்பிருப்போர் அரிசி உணவை உண்ணார். அன்று பாலும் பழமும் கோதுமைச் சிற்றுண்டியும் மிகுதியாகத் தேவைப்படும். மறுநாள் துவாதசி, விடியற்காலையிலேயே பாரணை. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் அன்றைக்கு இலையில் இருக்க வேண்டும். ஒரேநாள் தேவைக்காகச் சந்தையே தேடும் அகத்திக்கீரையை, முன்னரே தோட்டக்காரரிடம் சொல்லி வைக்காத உணவகம் அன்று கையைப் பிசைந்து நிற்கும். புரட்டாசியில் புலால் உணவகங்களின் விற்பனை தாழ்வதும், முகூர்த்த நாள்களில் வாழையிலையின் விலை ஏறுவதும், ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லாமையால் அது இறங்குவதும் இத்தகையவை. தேவையை முன்கணிப்பதற்கு விற்பனைப் பதிவேடு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுக்குப் பஞ்சாங்கமும் வேண்டும்.

மையத்தில் எது, கிளையில் எது

மையச் சமையற்கூடம் அமைத்துவிட்டால் எல்லாவற்றையும் அங்கேயே செய்துவிடலாம் என்று எண்ணுவது புதிதாகக் கிளை பரப்புவோர் செய்யும் பிழை. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைப்பது, சாம்பார்ப்பொடி இடிப்பது, பருப்பு வேகவைப்பது, காய் நறுக்குவது ஆகியவற்றை மையத்தில் செய்யலாம். சுவையும் எல்லாக் கிளையிலும் ஒன்றுபோல அமையும். பெரிய நீராவிக் கொதிகலனில் மொத்தமாக வேகும்போது எரிபொருளும் குறையும். தேங்காய்ச் சட்டினி அவ்வாறு பயணம் செய்யாது. திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். தாளிப்பின் மணம் அடுப்படியிலேயே தீர்ந்துவிடும். வடைமாவு அரைத்த சூட்டோடு எண்ணெயைக் காண வேண்டும். காப்பிக்கு வடிநீர் இறக்குவது கிளையிலேயே நடக்க வேண்டிய வேலை.

மாவின் புளிப்பு இன்னும் நுட்பமானது. அரைத்தவுடனே அனுப்புவதா, புளித்தபின் அனுப்புவதா? அரைத்தவுடன் அனுப்பினால் ஒவ்வொரு கிளையின் வெப்பநிலைக்கேற்ப ஒவ்வொரு விதமாகப் புளிக்கும். புளிக்கவைத்து அனுப்பினால் வண்டியின் குலுக்கலில் உள்ளே உள்ள காற்று வெளியேறி இட்லி கல்லாகும். குளிரூட்டிய வண்டியில் அனுப்பினால் புளிப்பு மட்டுப்படும்; செலவு கூடும். இவற்றுள் எதைத் தேர்வது என்பது கிளைகளுக்கு இடையேயுள்ள தொலைவைப் பொறுத்தது. தில்லைநகருக்கும் திருவரங்கத்துக்கும் பொருந்துவது மணப்பாறைக் கிளைக்குப் பொருந்தாது. அங்குச் செல்ல ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அவ்வளவு தொலைவுக்கு நாள்தோறும் பாதிச் சுமையோடு ஒரு வண்டி ஓடுமானால், மையத்தில் மிச்சப்படுத்திய எரிபொருள் சாலையில் எரிந்துபோகும். தொலைவிலுள்ள ஒரு கிளைக்குத் தனியே ஒரு கிரைண்டர் வைத்துக்கொடுப்பதே சிக்கனம் எனத் தோன்றினால், தோற்றம் பழையது என்று தயங்க வேண்டியதில்லை.

பிரியாணிக் கடைகள் வேறொரு விடை கண்டன. திண்டுக்கல்லில் 1957ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் அணிந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி எனப் பெயர்பெற்று இன்று பல ஊர்களிலும் நாடுகளிலும் கிளைகொண்டுள்ளது. அதன் பிரியாணிக்கு அடிப்படை சீரகச் சம்பா. குறுமணியான அந்த அரிசி பெரும்பாலும் சம்பாப் பருவத்தில் விளைவது. பிரியாணிக்கு அதுவும் பழைய அரிசியாக இருத்தல் நலம். அப்படியானால் இன்று ஒரு கிளையில் அடுப்பேறும் அரிசியைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கி இருப்பு வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை கிளைகள் திறக்கப்படும் என்ற முடிவு, இவ்வாண்டு எத்தனை ஏக்கரில் அந்நெல் நடப்படுகிறது என்பதோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டடம் மூன்று மாதத்தில் எழும்பிவிடும். நெல்லை அவசரப்படுத்த முடியாது.

சங்கிலி அறுந்த நாள்கள்

சிக்கனம் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் குவிப்பதும் இடரே. 2018 பிப்ரவரியில் பிரித்தானியாவில் கேஎஃப்சி நிறுவனத்துக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. ஏறத்தாழ 900 கிளைகள் கொண்டிருந்த அந்நிறுவனம் விநியோகப் பொறுப்பைப் புதிய ஒப்பந்தக்காரரிடம் மாற்றியது. பல கிடங்குகளிலிருந்து நடந்துவந்த விநியோகம் ரக்பி என்னும் ஊரிலிருந்த ஒரே கிடங்கைச் சார்ந்ததாயிற்று. தொடங்கிய சில நாள்களிலேயே அங்கு நெரிசலும் குழப்பமும் மூண்டன. கோழி இறைச்சியை மட்டுமே நம்பிய உணவகத்தில் கோழி இல்லை. பாதிக்கும் மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டன. ஒரே கிடங்கு என்பது தாளில் மலிவாகத்தான் இருந்திருக்கும். தடங்கல் வந்தபோது மாற்றுவழி இல்லாமையின் விலை அத்தாளில் எழுதப்படவில்லை.

தட்டுப்பாடு புதியதொரு பண்டத்தையும் ஈன்றதுண்டு. இரண்டாம் உலகப்போரில் 1942ஆம் ஆண்டு பர்மாவைச் சப்பான் கைப்பற்றியதும், தென்னிந்தியாவுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டுமுறை வந்தது. அரிசியின்றி இட்லி எப்படி? பெங்களூரில் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாவல்லி டிபன் ரூம், அக்காலத்தில் கோதுமை ரவையைக் கொண்டு இட்லி அவித்துப் பார்த்ததாகவும், அதுவே ரவா இட்லியின் தொடக்கம் என்றும் கூறிவருகிறது. ஒரு பொருள் நின்றால் அதற்கு மாற்று என்ன என்று முன்பே எண்ணிவைக்கும் சமையலறை தட்டுப்பாட்டில் கடையை மூடுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். இதில் 60 விழுக்காடு வீடுகளிலும், 28 விழுக்காடு உணவகம் முதலிய உணவுச்சேவை இடங்களிலும், 12 விழுக்காடு சில்லறைக் கடைகளிலும் வீணாகியுள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள் ஒருவர் வீணாக்கும் உணவின் அளவைப் பாதியாகக் குறைப்பது வளங்குன்றா வளர்ச்சிக்கான ஐ.நா. இலக்குகளுள் ஒன்று.

எண்ணெயும் இலையும்

மீண்டும் மணப்பாறைக்கு வருவோம். பொரிக்கும் தொழிலில் அரிசிக்கு அடுத்தபடியாகச் செலவு பிடிப்பது எண்ணெய். இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்குமேல் இறக்குமதி செய்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடைசெய்தது. மே மாதத்தில்தான் தடையை நீக்கியது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் மூண்ட உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்தும் குன்றியிருந்தது. ஓர் எண்ணெய் அரிதானால் வாங்குவோர் மற்றோர் எண்ணெய்க்கு மாறுவர். எல்லா எண்ணெயும் விலையேறும். கடலுக்கு அப்பால் ஓர் அரசு இடும் ஆணை மணப்பாறையில் ஒரு வீட்டு அடுப்பின் மேலிருக்கும் வாணலியை வந்து தொடும் விதம் இது.

விலையேறும்போது முதலில் தோன்றும் ஆசை, அதே எண்ணெயை மேலும் மேலும் காய்ச்சுவது. அது உடலுக்குத் தீங்கு. மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் பெருகும் முனைவுச் சேர்மங்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதனைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக மாற்றும் திட்டத்தையும் தொடங்கியது. சாக்கடையில் ஊற்றினால் குழாயை அடைக்கும் எண்ணெய், விற்றால் பணம், வண்டிக்கு எரிபொருள். சிறு கடைகளில் மிஞ்சுவது சில லிட்டர்தான். ஒவ்வொன்றிடமும் தனித்தனியே வந்து வாங்க எவரும் முன்வரார். பல கிளைகளோ பல வீடுகளோ ஒன்றுசேர்ந்தால் வண்டி தேடிவரும். சேர்ந்து வாங்குவதைப் போலவே சேர்ந்து கழிப்பதும் திட்டமிட வேண்டிய ஒன்று.

இலையின் கதை மகிழ்ச்சியானது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை ஞெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடைசெய்தது. உணவு மேசையில் விரிக்கும் ஞெகிழித் தாளும் அவற்றுள் ஒன்று. விலகியிருந்த வாழையிலை மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே அமைந்திருக்கும் திருச்சிராப்பள்ளிக்கு இது வீட்டுப் பொருள். உண்டபின் இலையும் எஞ்சிய சோறும் ஒருசேர உரமாகும். ஞெகிழித் தாள் ஒன்று அதனோடு கலந்துவிட்டால் முழுவதும் குப்பையாகும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உணவகங்கள் மட்கும் கழிவைத் தனியே பிரித்துத் தர வேண்டும் என வலியுறுத்தியதன் காரணம் அதுவே. இலைக்கும் ஒரு குறை உண்டு. பலத்த காற்றடித்தால் தோட்டத்திலேயே கிழிந்துவிடும். அன்று கட்டின் விலை ஏறும். ஒரே தோட்டத்தை நம்பாமல் கரைக்கு ஒன்றாக இரண்டு மூன்று தோட்டங்களோடு உறவு வைத்திருப்பவர் அன்று தப்பிப்பார்.

யார் சுமப்பது

விநியோகச் சங்கிலியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபடும் வினா ஒன்று உள்ளது. விலையேற்றம் வரும்போது அதைச் சுமப்பவர் யார்? பல கிளைகள் உடைய உணவகமோ பெரிய இனிப்பகமோ மணப்பாறையிலிருந்து முறுக்கு வாங்கி விற்பதாகக் கொள்வோம். எண்ணெய் விலை ஏறுகிறது. வாங்குபவர், “பழைய விலைக்கே தந்தால் தாருங்கள், இல்லையேல் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறோம்” என்கிறார். அவருக்கு மாற்று உண்டு, பிழிபவருக்கு இல்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் அப்பெண் என்ன செய்ய முடியும்? எண்ணெயை இன்னொரு நாளைக்கு நீட்டலாம். எள்ளைக் குறைக்கலாம். முறுக்கைச் சிறிதாக்கலாம். துணைக்கு வரும் பெண்ணின் கூலியைப் பிடிக்கலாம். நான்கில் எதைச் செய்தாலும் அந்த ஆண்டு வாங்குபவரின் ஏட்டில் இலாபம் பதிவாகும். அடுத்த ஆண்டு சுவை குறைந்த முறுக்கும், நம்பிக்கை இழந்த வாடிக்கையாளரும், தொழிலைவிட்டு நூற்பாலை வேலைக்குப் போய்விட்ட கைகளுமாக அது திரும்பி வரும். வாங்குபவரின் இலாபக் கணக்கில் அது வேறொரு தலைப்பின்கீழ் இருக்கும். காரணத்தை யாரும் கண்டறிய மாட்டார்.

பணம் ஓடும் வேகத்திலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. உணவகத்தில் உண்பவர் எழும்போதே பணம் தந்துவிடுகிறார். அவ்வுணவகம் தனக்குப் பொருள் தந்தவருக்கோ வாரங்கள் கழித்துத் தருகிறது. இடைப்பட்ட நாள்களில் வட்டியின்றிக் கடன் கொடுத்திருப்பவர் சங்கிலியின் ஆக எளிய மனிதர். இதனை ஒழுங்குபடுத்தவே 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்கள். காலம் கடந்தால் வட்டியும் சேரும். வீட்டில் முறுக்குச் சுடுபவரும் உத்யம் பதிவு பெற்றிருந்தால் இவ்வுரிமையைக் கோரலாம். பதிவு கட்டணமற்றது. உரிமை இருப்பதை அறியாதவரே மிகுதி என்பதால் இப்பாடம் படிப்போர் தம் ஊரில் நான்கு பேருக்குச் சொல்வது நன்று.

புவிசார் குறியீட்டின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. வேறு ஊரில் செய்த முறுக்கை மணப்பாறை முறுக்கு என்ற பெயரால் விற்பதைச் சட்டம் தடுக்கிறது. “வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறோம்” என்று சொல்பவர் அந்தப் பெயரை அங்கு வாங்க முடியாது. பேரம் பேசும்போது பிழிபவர் பக்கம் சிறிதளவேனும் எடை கூடுகிறது. அந்த எடை தனித்தனி வீடுகளுக்கு உதவுவதைவிடச் சங்கமாகச் சேர்ந்து ஒரே விலை சொல்வோர்க்கு மிகுதியாக உதவும்.

ஆயினும் குறியீடு தேவையைப் பெருக்கும். தேவை பெருகினால் அடுப்புகள் பெருகும். மணப்பாறைப் பகுதியில் சிப்காட் தொழிற்பூங்காவும் உணவுப் பூங்காவும் அமைந்துள்ளன. பெரிய உணவகங்களின் கொள்முதல் வண்டிகள் இனி இவ்வழியே மிகுதியாக வரலாம். இயந்திரம் பிழியும், இயந்திரம் பொட்டலம் கட்டும். தண்ணீர் மட்டும் அதே நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். மழை குறைந்த அவ்வட்டாரத்தில் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனால் அந்த உவர்ப்பு இதே அளவில் நிற்குமா, கூடுமா என்பதை ஆண்டுதோறும் அளந்து பார்க்கும் வேலையையும் விநியோகத் திட்டத்தில் ஒரு வரியாக எழுத வேண்டியிருக்கும். எண்ணெய் நின்றால் வேறு எண்ணெய் உண்டு, அரிசி நின்றால் ரவை உண்டு. அந்தத் தண்ணீருக்கு மாற்று இல்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள உணவகம் ஒன்றுக்குச் சென்று, ஒரு தட்டுச் சிற்றுண்டிக்குரிய பொருள்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வருகின்றன எனக் கேட்டறிந்து, வரைபடத்தில் குறித்து வகுப்பில் காட்டுக. அவற்றுள் எந்தப் பொருள் ஒருநாள் வாராவிட்டாலும் கடையைத் திறக்க முடியாது என்பதைக் கடைக்காரரிடமே கேட்டு எழுதுக.

2. ஐந்து கிளைகளின் கணக்கை, ஆறாவது கிளையாக மணப்பாறையைச் சேர்த்து மீண்டும் போட்டுப் பார்க்க. வண்டிச் செலவு நாளொன்றுக்கு 800 ரூபாய் எனில் மாவை மையத்திலிருந்து அனுப்புவது பயன்தருமா எனக் குழுவில் உரையாடுக.

3. உங்கள் வீட்டில் ஒரு வாரம் மீந்த உணவை அளந்து பட்டியலிடுக.